937க்கு மீதி 6

டிக்கெட்டைக் கசக்கிடாதீங்க சார், ஒரு நிமிஷம். நம்பரைக் காட்டுங்க. நாலு, எட்டு, அஞ்சு, ஒண்ணு, ஆறு. சே! என்ன எண் சார் இது? ரெண்டால போகும், மூணால போகும், நாலால போகும், பதிமூணாலகூடப் போகும். யாரு வந்து கேட்டாலும் சரிங்க சரிங்கன்னு உடைஞ்சு குடுக்கிற எண். எங்க ஹெச்.எம். மாதிரி. இந்தாங்க, பத்திரமா வெச்சுக்குங்க. செக்கிங் வந்தாக் காட்டணும்.

தப்பா நினைச்சுக்காதீங்க. நான் கணக்கு வாத்தியார். முப்பத்திமூணு வருஷ சர்வீஸ், வர்ற மே மாசத்தோட ரிட்டயர்டு. தேவகோட்டைக்குப் போயிட்டிருக்கேன், என் வீட்டம்மாவோட அக்கா வீட்டுக்கு. வீட்டம்மா இப்ப அங்கதான் இருக்கா. ஒரு கையெழுத்து வாங்கணும், அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை.

நீங்க காரைக்குடியா? அப்ப இன்னும் நேரம் இருக்கு. கேளுங்க. உங்களை மாதிரி வெளியாளுக்குத்தான் இது புரியும். எங்க பள்ளிக்கூடத்துல எவனுக்கும் புரியலை.

பள்ளிக்கூடத்துப் பேரு வேண்டாம், சொன்னா வாய் கசக்கும். இந்த ஜனவரியில அதுக்குப் பவள விழா. எழுபத்தஞ்சு வருஷம். போன ஏப்ரல்லயே மீட்டிங் போட்டாங்க. தமிழய்யா வாழ்த்துப் பாட்டு எழுதறேன்னார். சயின்ஸ்காரங்க கண்காட்சி. பி.டி. மாஸ்டர் சூசைராஜ், பையன்களை ஒருத்தன் மேல ஒருத்தன் ஏத்திப் பிரமிடு நிறுத்தறேன்னான். எல்லாத்துக்கும் ஹெச்.எம். தலையாட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ராஜமாணிக்கம் சார், நீங்க கணக்குத்தானே? நாற்காலியை எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் குடுத்துடுங்க" அப்படின்னார்.

நாற்காலி சார்! எம்.எஸ்ஸி., எம்.எட். படிச்சவன்! கணக்குன்னா நாற்காலி எண்றதுன்னு நினைக்கிற ஆளு எனக்கு ஹெச்.எம். அன்னைக்கு டீகூடக் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டேன்.

வரும்போது ஆபீஸ் சுவத்துல இருக்கிற போர்டைப் பாத்தேன். பள்ளி தொடங்கிய நாள் 28-1-1937. முப்பத்திமூணு வருஷமாப் பாக்குற போர்டுதான். அன்னைக்குத்தான் அந்த ரெண்டு கோடும் கண்ணுக்குத் தெரியாமப் போச்சு. 2811937. இருபத்தெட்டு லட்சத்துப் பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு. ஒற்றைப்படை. இலக்கத்தையெல்லாம் கூட்டினா முப்பத்தொண்ணு, அதனால மூணால போகாது. ஏழால வகுத்தா மீதி ரெண்டு. பதினொண்ணால வகுத்தா மீதி ஏழு. பதிமூணால வகுத்தா மீதி பதினொண்ணு. பாத்தீங்களா, ரெண்டு, ஏழு, பதினொண்ணு, மீதி வர்றதெல்லாமே பகா எண்! பதினேழால வகுத்தா மீதி ஒண்ணு, அது போகட்டும். அங்கேயே நின்னு எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

பகா எண்ணுன்னா தெரியும்ல? தன்னாலயும் ஒண்ணாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாதது. யாருக்கும் உடைஞ்சு குடுக்காதது. பள்ளிக்கூடம் பொறந்த தேதியே பகா எண்ணுன்னா எப்படி இருக்கும்? வாசல்ல ஒரு கல்லு நட்டு அதுல பொறிச்சா எப்படி இருக்கும்? கணக்கு வாத்தியார் யாருன்னு அன்னைக்குத் தெரியட்டும்னு நினைச்சேன்.

ஆனா நினைச்சாப் போதுமா? நிரூபிக்கணும். அந்த எண்ணோட வர்க்கமூலம் ஆயிரத்து அறுநூத்து எழுபத்தாறு சொச்சம். அதுக்குள்ள இருக்கிற பகா எண் ஒவ்வொண்ணாலயும் வகுத்துப் பாக்கணும். அதுக்கு மேல தேவையில்லை. மேல ஒண்ணு வகுத்துச்சுன்னா அதோட ஜோடி கீழ இருந்தாகணும், அது முன்னாடியே மாட்டியிருக்கும். மொத்தம் இருநூத்து அறுபத்திமூணு வகுத்தல்.

கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு நொடின்னு சொல்ல வர்றீங்க. எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. பழனிக்கு நடந்து போறவன்கிட்ட கார் இருக்கேன்னு சொல்லுவீங்களா? கையால போடணும் சார். அதுல ஒரு சுத்தம் இருக்கு.

மே மாச லீவுல உக்காந்தோம். ஆமா, உக்காந்தோம். என் வீட்டம்மா திலகவதியையும் சேத்துக்கிட்டேன். பத்தாவதுல கணக்குல தொண்ணூத்தெட்டு வாங்கினவள்னு அவ அக்கா சொல்லிக்கிட்டே இருக்கும், மார்க் ஷீட்டை நான் பாத்தது இல்லை. வேலையைச் சமமாப் பிரிச்சேன். ஐந்நூறுக்குள்ள இருக்கிற தொண்ணூத்தஞ்சு பகா எண்ணும் எனக்கு. அதுக்கு மேல இருக்கிற நூத்து அறுபத்தெட்டும் அவளுக்கு. எண்ணிக்கையைப் பாத்துட்டு ஒரு மாதிரி பாக்காதீங்க. சின்ன எண்ணால வகுத்தா ஈவு நீளமா வரும், கஷ்டம். பெரிய எண்ணுன்னா ஈவு குட்டியா வரும், சுளுவு. சுளுவான வேலையைத்தான் அவளுக்குக் குடுத்தேன்.

நான் புது நோட்டு வாங்கிக்கிட்டேன். அவ தேதி கிழிக்கிற காலண்டர் தாளோட பின்பக்கத்துல பென்சிலால போடுவா. ஒரு தாளுக்கு ஒரு கணக்கு. காய் நறுக்கிட்டு ஒண்ணு, துணி காயப் போட்டுட்டு ஒண்ணு. சாயங்காலம் கட்டாக் கொண்டு வந்து வெப்பா. நான் சிவப்புப் பேனா எடுத்துத் திருத்துவேன். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. இந்தப் பொம்பளை இவ்வளவு நேரம் என்கூட உக்காந்ததே இல்லை. அவளும் சிரிச்ச முகமாத்தான் இருந்தா. 'எண்ணூத்து முப்பத்தொம்பது முடிச்சுட்டேங்க'ன்னு அடுப்படியிலேருந்து குரல் குடுப்பா.

அப்புறம் வந்துச்சு சார், தொள்ளாயிரத்து முப்பத்தேழு.

தாளை எடுத்தேன். ஈவு முப்பத்தொண்ணு, மீதி பூஜ்யம்னு இருந்துச்சு. முப்பத்தொண்ணு! இருபத்தெட்டு லட்சத்தைத் தொள்ளாயிரத்துச் சொச்சத்தால வகுத்தா முப்பத்தொண்ணா வரும்? தொள்ளாயிரத்து முப்பத்தேழை முப்பத்தொண்ணால பெருக்கிப் பாத்தேன். இருபத்தொம்பதாயிரத்து நாப்பத்தேழு. இருபத்தெட்டு லட்சம் எங்க, இருபத்தொம்பதாயிரம் எங்க! எனக்கு வந்த அருவருப்பு இருக்கே. ஈவுல சைபரை முழுங்கறது! முப்பத்திமூணு வருஷமா ஏழாங்கிளாஸ்ல நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டின தப்பு அது. கீழ இறக்கின இலக்கத்துல வகுக்க முடியலைன்னா ஈவுல சைபர் போடணும், போடாம அடுத்ததை இறக்கக் கூடாது. சொல்லாத நாள் இல்லை. அந்தத் தப்பு என் வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கு. தாள் நெடுக்க ஒரு பெருக்கல் குறி போட்டேன். பேனா நிப்பு தாளைக் கிழிச்சுடுச்சு.

கூப்பிட்டுக் கேட்டேன். "சைபர் எங்கடி?"

"நடுவுல இடம் விட்டிருக்கேன் பாருங்க" அப்படிங்கறா.

பாத்தா, மூணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு. "இடம் விட்டா அது சைபர் ஆயிடுமா? பரீட்சையில எவன் மார்க் போடுவான்?"

"பரீட்சையா எழுதறேன்? மீதி இல்லைங்க, அதைப் பாருங்க."

"ஈவே தப்பு, அப்புறம் மீதியை என்னத்தப் பாக்குறது? மீதி இல்லாம வராது. போ, மீண்டும் செய்."

நான் அப்படித்தான் எழுதுவேன் சார், நோட்டுல. பெருக்கல் குறி, கீழ 'மீண்டும் செய்க'. அவ தாள்லயும் எழுதினேன். பழக்கம்.

அவ தாளை எடுத்துக்கிட்டுப் போனா. கால் மணி நேரத்துல வேற தாள் வந்துச்சு. மீதி ஆறுன்னு மட்டும் இருந்துச்சு. டிக் போட்டேன். அடுத்தது தொள்ளாயிரத்து நாப்பத்தொண்ணு. அன்னையிலேருந்து அடுப்படியிலேருந்து குரல் வரலை. நானும் அதைப் பெரிசா எடுத்துக்கலை, வெயில் காலம், களைச்சிருப்பான்னு விட்டுட்டேன்.

மே இருபத்தெட்டாந்தேதி முடிஞ்சது. இருநூத்து அறுபத்திமூணுலயும் மீதி இருக்கு. பகா எண்! ஹெச்.எம். கிட்டச் சொன்னேன். "அப்படியா சார், ராசியான நம்பரா?" அப்படின்னார். ராசியாம்! துப்பலாம்போல இருந்துச்சு. இருந்தாலும் கல்லுக்குச் சம்மதிச்சுட்டார், பழைய மாணவர் ஒருத்தர் கல்லு தர்றேன்னு வந்ததால.

வாசகம் நானே எழுதினேன். 'பகா எண். எவர்க்கும் வளையாதது, எதனாலும் வகுபடாதது. கண்டறிந்தவர்: சு. ராஜமாணிக்கம், எம்.எஸ்ஸி., எம்.எட்.' அதைப் படிச்சுட்டு அவ கேட்டா, "என் பேரு இல்லையாங்க?" கல்லு ரெண்டடி அகலம் சார். எங்க இடம் இருக்கு? என் பேரும் டிகிரியும் ஒரே வரியில பெரிய எழுத்தா வரணும்னு சொல்லியிருந்தேன். அதுக்கு ஈடா எண்ணையும் பெரிசா வெட்டினா ஒரு வரியில அடங்கலைன்னு, கல்லு வெட்டறவன் எண்ணையே ரெண்டு வரியா உடைச்சுட்டான். மேல 2811, கீழ 937. திரை போட்டு மூடியே கொண்டு வந்ததால எனக்குத் தெரியாது.

ஜனவரி இருபத்தெட்டு, சனிக்கிழமை. ஊரே வந்திருந்துச்சு. நாற்காலியையும் நான்தான் எண்ணினேன், அதை விடுங்க. விருந்தினர் கயித்தை இழுத்தார். திரை விலகிச்சு. முன்வரிசையில உக்காந்திருந்தா என் வீட்டம்மா. கல்லைப் பாத்தா. பாத்துட்டுச் சிரிச்சா சார். முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு, தோளெல்லாம் குலுங்க. கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருஷத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் பாத்ததே இல்லை.

பக்கத்துல மைக்கோட நின்னுக்கிட்டிருந்தான் சூசைராஜ். எந்த விழாவா இருந்தாலும் மைக் பி.டி. மாஸ்டர் கையிலதானே இருக்கும். "என்னக்கா?"ன்னு கேட்டான். அவ வாயைத் திறக்கலை, அதை ஒத்துக்கணும். கல்லைக் காட்டி மூணு விரலை நீட்டினா, அவ்வளவுதான். அவன் பிள்ளைகளை மூணு மூணு வரிசையா நிறுத்தி எண்ணுற ஆளு. மேல பாத்தான், கீழ பாத்தான், உதட்டை அசைச்சான். மூஞ்சி பிரகாசமாயிடுச்சு. மைக்கை வாய்க்கிட்டக் கொண்டு போனான்.

"மாணவச் செல்வங்களே! இந்தக் கல்வெட்டில் இன்னொரு அதிசயம்! கீழே உள்ள தொள்ளாயிரத்து முப்பத்தேழை மூன்றால் பெருக்கினால், மேலே உள்ள இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று! என்ன பொருத்தம் பாருங்கள்! நம் ராஜமாணிக்கம் ஐயாவுக்கு ஒரு பலத்த கைதட்டல்!"

உங்களுக்குப் புரியுதா சார்? மேல இருக்கிறது கீழ இருக்கிறதோட மூணு மடங்கு. அப்ப 2811000ங்கறது 937இன் மூவாயிரம் மடங்கு. அதோட இன்னொரு 937. மூவாயிரத்தொரு மடங்கு! ஈவு 3001, மீதி பூஜ்யம். மூணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ரெண்டு சைபர். அவ இடம் விட்டிருந்த அதே இடம்.

அரை நொடியில தெரிஞ்சுடுச்சு எனக்கு. ஆயிரம் பேர் கை தட்டறாங்க. ஹெச்.எம். எந்திரிச்சு நின்னு தட்டறார். பகு எண்ணைப் பகா எண்ணுன்னு வெட்டி வெச்சிருக்கு, அது பகு எண்ணுன்னு மைக்குல சொல்றான், அதுக்கும் கை தட்டறாங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன் எந்திரிச்சு இது தப்புன்னு கத்தியிருந்தா அவன் காலைத் தொட்டிருப்பேன். கை தட்டிட்டு லட்டு வாங்கிக்கிட்டுப் போனாங்க சார். லட்டு!

வீட்டுக்கு வந்தோம். அவ பரண்லேருந்து காலண்டர்த் தாள் கட்டை இறக்கி, ரெண்டு தாளை உருவி டிவி மேல வெச்சுட்டுக் காபி போடப் போயிட்டா. 'நான்தான் சொன்னேனே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சண்டை போட்டிருக்கலாம். அதுவும் சொல்லலை. அதுதான் எனக்குப் பொறுக்கலை.

"அப்ப ஆறுன்னு ஏண்டி எழுதின?"ன்னு கேட்டேன்.

"மீதி இல்லாம வராதுன்னீங்க. தாளைத் திருப்பினேன், மே ஆறுன்னு போட்டிருந்துச்சு. எழுதினேன்."

தேதியை எழுதியிருக்கா சார்! பொய்! கணக்குல பொய்! அதுக்கு என் சிவப்பு டிக்!

நீ ஏன் அதைச் சரிபாக்கலைன்னு கேக்குறீங்க. இல்லை, நீங்க கேக்கலை, உங்க மூஞ்சி கேட்டுச்சு. மீதி ஆறுன்னா எதுக்குச் சரிபாக்கணும்? வரவேண்டியதுதானே வந்திருக்கு? பூஜ்யம் வந்தாத்தான் உக்காந்து சரிபாக்கணும். பூஜ்யம் வந்துச்சுதான். ஆனா அந்த முப்பத்தொண்ணைப் பாத்ததும்... அது ஏழாங்கிளாஸ் தப்பு சார், அதைப் பாத்தா எனக்குக் கண்ணு இருட்டிடும். அந்த இடைவெளியில நானே ரெண்டு சைபர் போட்டிருந்தா முடிஞ்சது. சிவப்புல ரெண்டு சின்ன வட்டம். முப்பத்திமூணு வருஷத்துல எத்தனை நோட்டுல... சரி, அது எதுக்கு இப்ப? திருமயம் வந்துடுச்சா?

கல்லைப் பேத்து எடுங்கன்னு ஹெச்.எம். கிட்டப் போய் நின்னேன். "யார் சார் வகுத்துப் பாக்கப் போறா? இருந்துட்டுப் போகட்டும்" அப்படின்னார். தினமும் காலையில அதைத் தாண்டித்தான் உள்ள போறேன். வாசல்ல ஒரு பொய் நிக்குது, அது கீழ என் பேரு, என் டிகிரி. நான் ரிட்டயர் ஆனாலும் அது நிக்கும். அந்த மனுஷனைத் தொந்தரவு பண்ணிப் பண்ணி, கடைசியில, "காரணம் எழுதிக் குடுங்க, கமிட்டியில வெச்சு எடுத்துடலாம்" அப்படின்னார்.

எழுதினேன். 'மேற்படி எண்ணை 937ஆல் வகுத்ததில் என் மனைவி திலகவதி செய்த பிழையால்.' உண்மைதானே? சைபரை விட்டது யாரு? ஆறுன்னு எழுதினது யாரு? ஹெச்.எம். படிச்சுட்டு, "வீட்டம்மா பேரு வருது, அவங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுடட்டும்" அப்படின்னார். அவகிட்ட நீட்டினேன். ரெண்டு தடவை படிச்சா. மடிச்சுக் குடுத்தா. துணியை எடுத்துப் பையில வெச்சா. "அக்காவைப் பாத்து நாளாச்சு"ன்னு பஸ் ஏறிட்டா. இதோட மூணு வாரம் ஆச்சு.

விடுவேனா? தபால்ல அனுப்பினேன், உள்ள ஸ்டாம்பு ஒட்டின கவர் வெச்சு. நேத்துத் திரும்பி வந்துச்சு. இதோ, பையில இருக்கு. பாருங்க. நீங்களே பாருங்க சார்.

கையெழுத்துப் போடச் சொன்ன இடம் காலியா இருக்கு. லெட்டர் நெடுக்க ஒரு பெருக்கல் குறி. சிவப்பு மை! இதுக்குன்னு கடைக்குப் போய் வாங்கியிருக்கா பாருங்க. கீழ என்ன எழுதியிருக்குன்னு படிங்க. 'மீண்டும் செய்க.' என் எழுத்து மாதிரியே இருக்குல்ல? 'ய்'ல புள்ளியைக்கூட நான் வெக்கிற மாதிரியே தள்ளி வெச்சிருக்கா. பொண்டாட்டி புருஷனுக்குப் போடற பெருக்கல் குறி. எவ்வளவு கேவலம்!

நேரா நிறுத்தி ரெண்டுல ஒண்ணு கேக்கணும்னுதான் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுல உக்காந்து வேற ஒண்ணு எழுதினேன். 'எங்கள் கவனக்குறைவால்.' எங்கள்னா ரெண்டு பேரும் ஆச்சு, பெருந்தன்மைதானே? நீங்க ஏறுறதுக்கு முன்னாடி அதைக் கிழிச்சுட்டேன். அப்புறம் யாரு பேரும் இல்லாம, 'நேர்ந்த பிழையால்'னு ஒண்ணு எழுதிப் பாத்தேன். மரத்துலேருந்து காய் விழுந்த மாதிரி தானா நேர்ந்துச்சாம். அதைப் படிச்சா எனக்கே அருவருப்பா இருந்துச்சு. இதுக்கும் அவ பெருக்கல் குறிதான் போடுவா. நானா இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

இன்னும் ஒரு வெள்ளைத் தாள் இருக்கு. எப்படித் தொடங்கணும்னு தெரியும். 'எங்கள்'னு இல்லை, 'என்'னு. ரெண்டே வார்த்தைதான், முப்பத்திமூணு வருஷமா எவன் நோட்டுலயும் நான் எழுதாத ரெண்டு வார்த்தை.

உங்ககிட்டப் பேனா இருக்கா சார்? என்கிட்டச் சிவப்புதான் இருக்கு. பாக்கெட்ல இருக்கே, அது நீலம்தானே? அதைக் குடுங்க. காரைக்குடி வர்றதுக்குள்ள குடுத்துடறேன்.